முழுச் சட்டை

மெஷினுக்கு உறை போட்டு மூடிச் சில வருடங்கள் ஆகின்றன. நாலந்தாவில், கண்டி–யாழ்ப்பாணம் வீதியை விட்டுக் கொஞ்சம் உள்ளே இறங்கினால் எங்கள் வீடு. 1970களின் தொடக்கத்திலிருந்து அதன் முன்னறையில் மிதி மெஷின் ஓடியது. சுற்றுவட்டாரத்தில் அதற்கு ‘மெஷின் வீடு’ என்றே பெயர். தமிழ் ஆட்கள் என்னை ‘மெஷின் அக்கா’ என்றார்கள், சிங்கள ஆட்கள் ‘மஹன அக்கா’ என்றார்கள். தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்தவர்களுக்கு ஓய்வு என்று ஒரு தேதி உண்டு. வீட்டில் இருந்து தொழில் செய்தவளுக்கு அப்படி ஒரு தேதி இல்லை. கண் மங்கியது, மருமகள் வேலைக்குப் போனாள், பேரப்பிள்ளைகள் மடிக்கு வந்தார்கள், மெஷின் நின்றது.

அன்று நான் தைத்துக் கழித்த வாரத்துக்கும் இன்று வீட்டைப் பார்த்துக் கழிக்கும் வாரத்துக்கும் நடுவில் இந்த நாட்டின் தையல் தொழிலே உருமாறிவிட்டது. அந்த மாற்றத்தைத் தாங்கி நிற்பது யாருடைய கை என்பதை ஒரு வாரத்தை எடுத்து வைத்தே சொல்லிவிடலாம்.

திங்கட்கிழமை எங்கள் வீட்டில் இருட்டோடு தொடங்குகிறது. மருமகள் எழும்பித் தேங்காய் திருவுவாள், நான் பருப்பை அடுப்பில் ஏற்றுவேன். அவள் தலை சீவும்போதே வீதியில் தொழிற்சாலை பஸ் வந்து நின்றுவிடும். “மாமி, சின்னவனுக்கு மருந்து மறந்துடாதீங்க” என்பாள். “நான் பாத்துக்கிறேன், நீ ஓடு புள்ள” என்பேன். பெரியவள் ஏழாம் வகுப்பு, சின்னவன் மூன்றாம் வகுப்பு. அவர்களை எழுப்பி, குளிப்பாட்டி, பாணும் சம்பலும் கட்டிக் கொடுத்து, தாத்தாவோடு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்போது மருமகள் தன் மெஷினில் உட்கார்ந்து வெகுநேரம் ஆகியிருக்கும்.

அவள் தைப்பது கொலர். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் கொலர். ஒருத்தி கை தைப்பாள், ஒருத்தி பட்டன் துளை அடிப்பாள், ஒருத்தி ஓரம் மடிப்பாள். சட்டை வரிசையில் நகர்ந்து போகும். ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை நிமிடம், நிமிடத்தில் எத்தனை பங்கு என்று அளந்து வைத்திருக்கிறார்கள். அதை வைத்துத்தான் அன்றைய டார்கெட் வரும். அவள் கை வேகம் எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை. ஒரு கொலரை அவள் திருப்பி முனை எடுக்கும் நேர்த்தியைப் பார்த்தால் தொழில் தெரிந்தவர்கள் எழுந்து நின்று பாராட்டுவார்கள்.

நான் தைத்த காலத்தில் துணி வீட்டுக்குள் வந்தால் சட்டையாகத்தான் வெளியே போகும். அளவு எடுப்பது, வெட்டுவது, தைப்பது, காஜா எடுப்பது, பட்டன் வைப்பது, கரி இஸ்திரிப் பெட்டியால் மடிப்பு எடுப்பது எல்லாம் ஒரே ஆள். பக்கத்தில் புடவையில் ஏணை கட்டி மகன் தூங்குவான். அவன் அழுதால் காலை மிதியிலிருந்து எடுத்து ஏணையை ஆட்டுவேன். தொழிலும் பிள்ளையும் ஒரே அறையில் இருந்தன.

இன்று அவை இரண்டு அறையில் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையில் ஒரு பஸ் ஓடுகிறது. சட்டம் மருமகளுக்கு 84 நாள் பிரசவ விடுமுறை கொடுத்தது. சம்பளத்தோடு கிடைத்த விடுமுறை, அதன் அருமை எனக்குத் தெரியும். என் காலத்தில் வீட்டுத் தொழில் செய்தவளுக்கு ஒரு நாள்கூட யாரும் தரவில்லை. ஆனால் 84 நாள் முடிந்ததும் பிள்ளை எங்கே போகும் என்பதற்கு அந்த விடுமுறையில் பதில் இல்லை. பதில் நான்தான்.

செவ்வாய்க்கிழமை பிள்ளைகள் போனபின் வீடு கூட்டி முடிக்குமுன் யாராவது வாசலில் நிற்பார்கள். கையில் ஒரு பை. “அக்கா இப்ப தைக்கிறதில்லன்னு தெரியும், இந்த ஸிப் மட்டும்...” என்று இழுப்பார்கள். மேல்வீட்டுச் சிங்கள அம்மா விகாரைக்குப் போக வெள்ளைச் சட்டையின் பக்கத்தையலைப் பிரித்து அகலமாக்கித் தரக் கேட்பார். கடையில் வாங்கிய சட்டையாக இருந்தால் உள்ளே விட்ட துணி அரை விரல் அகலம்கூட இருக்காது. பிரித்தாலும் கொடுக்க இடமில்லை. அந்தக் காலத்தில் பிள்ளைச் சட்டை தைத்தால் பக்கத்தில் ஒரு அங்குலமும் கீழே மூன்று விரலும் உள்ளே மடித்து விடுவோம். ஒரு கவுன் அக்காவுக்கு மூன்று தடவை இறங்கி, பிறகு தங்கைக்குப் போய் மறுபடி ஏறும். துணி வாங்கக் காசில்லாத வீடுகளில் அந்த மூன்று விரல் துணிதான் அடுத்த வருடத்துச் சட்டை.

சீருடை விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். 1993 முதல் அரசாங்கம் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீருடைத் துணியை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. அதற்கு முன் தை மாதம் பிறந்தால் தோட்டத்துத் தாய்மார் வெள்ளைத் துணிக்கு அலைவார்கள், கடன் வாங்குவார்கள், துணி கிடைக்காத பிள்ளை பள்ளிக்கூடம் போகாது. இலவசத் துணி வந்தபின் எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைகள் வகுப்பில் தங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். 2025ஆம் ஆண்டுக்குரிய துணி முழுவதையும் சீனா அன்பளிப்பாகத் தந்தது. எங்கிருந்து வந்தாலும் வருவது துணியாகத்தான் வருகிறது, உடுப்பாக அல்ல. அதை வெட்டித் தைக்க ஊருக்குள் ஒரு கை வேண்டும். சிற்றூர்த் தையல்காரிகள் இன்னும் மிச்சமிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

2022ல் பொருளாதார நெருக்கடியில் மின்சாரம் போய்ப்போய் வந்த நாட்களில், மார்ச் கடைசியில் ஒரு நாள் 13 மணிநேரம் வெட்டு இருந்தது. அந்த மாதங்களில் நான் உறையைக் கழற்றினேன். மிதி மெஷினுக்கு மின்சாரம் தேவையில்லை. புதுத் துணி வாங்க யாரிடமும் காசில்லை, பழையதைத் திருப்பித் தைக்க ஊரே வந்தது. அப்போது வாங்கிய கூலி பாதி காசு, பாதி மிளகும் ஈரப்பலாக்காயும். என் தொடக்க காலமும் அப்படித்தான் இருந்தது.

புதன்கிழமை மாதம் ஒருமுறை கிளினிக். கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு மாத்தளை பஸ் ஏறுவேன். வழியில் பலாபத்வல வரும். அந்தப் பக்கம் உள்ளே போனால் ஹப்புவிட என்ற ஊர், அரக்குவேலைக்குப் பேர்போனது. பூச்சி தரும் அரக்கைத் தணலில் இளக்கி, நிறம் பிசைந்து, நூலாக இழுத்து, கட்டைவிரல் நகத்தாலேயே மரத்தின்மேல் கொடியும் பூவும் பதிப்பார்கள். தூரிகை இல்லை, நகம்தான் கருவி. கைத்தடி, விசிறிக் காம்பு, ஏட்டுச் சட்டம் என்று கண்டி அரசர் காலத்திலிருந்து வந்த வேலை.

அந்த வேலையைப் பற்றி உலகத்துக்கு எழுதிச் சொன்னவர் ஒரு தமிழர். ஆனந்த குமாரசுவாமி 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுக்குத் தலைவராக இருந்தார். பாறையைப் பார்க்கப் போன ஊர்களில் தச்சரையும் கொல்லரையும் நெசவாளரையும் அரக்குவேலைக்காரரையும் பார்த்தார். 1908ல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெரிய நூலை வெளியிட்டார். இங்கிலாந்தில் வில்லியம் மொரிஸ் வைத்திருந்த கை அச்சு இயந்திரத்திலேயே அதை அச்சிட்டார்கள். மொத்தம் 425 பிரதிகள். கைத்தொழிலைப் பற்றிய நூலைக் கையாலேயே அச்சிட வேண்டும் என்பது அவர் பிடிவாதம். ஒரு பொருளை முதலிலிருந்து முடிவு வரை ஒருவரே செய்யும்போது அவர் அறிவும் மனசும் அதில் இறங்குகின்றன, வியாபாரம் அதைத் துண்டு துண்டாக்கும்போது செய்பவர் சுருங்கிப்போகிறார் என்பது அவர் கவலை. நூறு வருடத்துக்கு முந்திய அந்தக் கவலை என் வீட்டில் தினமும் சாயந்தரம் பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிறது.

ஆனாலும் அவருக்கு ஒரு பதில் சொல்வேன். அரசர் காலத்துக் கைவினைஞருக்கு நிலம் இருந்தது, சேவைக்கு ஈடாக வயல் இருந்தது. தோட்டத்துத் தமிழ்ப் பெண்ணுக்கு நிலமும் இல்லை, நீண்டகாலம் குடியுரிமையும் இல்லை. அவளுக்குத் தொழிற்சாலைச் சம்பளம் ஒரு கதவு. அந்தக் கதவை நான் பழிக்கமாட்டேன்.

வியாழக்கிழமை சின்னவனுக்குக் காய்ச்சல் என்றால் வீட்டில் இருப்பான். அவனை உட்கார வைக்கப் பழைய பெட்டியைத் திறப்பேன். உள்ளே வீரகேசரித் தாளில் வெட்டிய அளவுகள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஆள் அடையாளம்: கங்காணி வீட்டு மூத்தவள், பால்வெட்டுக்காரர் மகன், கொக்கோ ஸ்டோர் அம்மா. “இவங்கல்லாம் எங்க அப்பாயி?” என்று கேட்பான். பாதிப் பேர் இந்தியாவில்.

1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில், குடியுரிமை இல்லாத எங்கள் மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேர் இலங்கைக்கு என்றும் பங்கு பிரித்தார்கள். மிச்சமிருந்தவர்களை 1974ல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். நான் தொழில் தொடங்கியபோது குடும்பங்கள் கிளம்பிக்கொண்டிருந்தன. 1970களின் நடுவில் தோட்டங்களில் பட்டினி, தோட்டங்கள் அரசுடைமையானபின் பல இடங்களில் வேலையும் போனது. தயங்கியவர்களும் பெட்டி கட்டினார்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறுமுன் எல்லோருக்கும் ஒரு புதுச்சட்டை வேண்டும். ஊர் போய் இறங்கும்போது சொந்தக்காரர் முன்னால் கிழிந்த துணியோடு நிற்கக் கூடாது என்ற மானம். துணியோ அப்போது எளிதில் கிடைக்காது. ஒரு சேலையைப் பிரித்து இரண்டு பிள்ளைக்குக் கவுனும் ஒரு ரவிக்கையும் எடுத்தேன். இரவில் குப்பி விளக்கு வைத்துத் தைத்துக் கொடுத்த சட்டைகளோடு அவர்கள் கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் போனார்கள். கூலி வாங்கக் கை வராத வீடுகள் இருந்தன. வாங்கவுமில்லை.

அந்தத் தாள்களை வைத்திருப்பதற்குக் காரணம், அவர்களுடைய தோள் அகலமும் கை நீளமும் வேறெங்கும் பதிவாகவில்லை என்பதுதான். எத்தனை பேர் போனார்கள் என்று அரசாங்கம் எண்ணியது. ஒவ்வொருவரையும் அளந்து வைத்திருந்தவள் ஊர்த் தையல்காரி.

வெள்ளிக்கிழமை சாயந்தரம் மாரியம்மனுக்கு விளக்கு. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலுக்கு மாசி மகத் தேருக்குப் போவோம். மற்ற வெள்ளிகளில் எங்கள் பக்கத்துச் சிறு கோயில்தான். அம்மனுக்குப் பாவாடை தைக்கும் பொறுப்பை இன்னும் நான் விடவில்லை. கரையை மட்டும் கையால் தைக்கிறேன். தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் காடு கடந்து, தம்புள்ளை, நாலந்தா வழியாக மாத்தளைக்கு நடந்து வந்த பாதை எங்கள் வீட்டுக்கு முன்னால் ஓடும் இந்த வீதிதான். 2023ல் மலையக மக்கள் வந்து 200 ஆண்டு என்று ஜூலை 28ஆம் தேதி தலைமன்னாரில் நடக்கத் தொடங்கியவர்கள் ஆகஸ்ட் 12ஆம் தேதி மாத்தளையில் முடித்தார்கள். நடந்தவர்களில் எத்தனையோ பெண்கள். காடு வெட்டியதையும் கோப்பி நட்டதையும் மேடைகளில் சொல்கிறார்கள். அந்த மக்களுக்குச் சமைத்தவர்கள், கிழிந்ததைத் தைத்தவர்கள், பிள்ளையை இடுப்பில் வைத்துக் காட்டைக் கடந்தவர்கள் பற்றியும் அதே மேடையில் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

தோட்டத்தில் தீபாவளி முற்பணம் கொடுக்கும் நாள்தான் அன்று என் வருடத்தின் உச்சம். முற்பணம் கைக்கு வந்த சாயந்தரமே துணிப்பொட்டலங்கள் வரும். பிறகு மாதாமாதம் சம்பளத்தில் வெட்டுவார்கள் என்று தெரிந்தும் பிள்ளைகளுக்குத் துணி எடுப்பார்கள். இன்று முற்பணம் கிடைத்தால் மாத்தளைக்கோ தம்புள்ளைக்கோ பஸ் ஏறி ரெடிமேட் வாங்கி வருகிறார்கள். மலிவு, நிறம் நிறையக் கிடைக்கிறது, பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறது. அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அந்த ரெடிமேட்டையும் எங்கேயோ ஒரு மருமகள்தான் தைத்திருக்கிறாள்.

சனிக்கிழமை மருமகளுக்கு அரை நாள். மகன் தம்புள்ளை மரக்கறிச் சந்தையில் லொறி ஓட்டுகிறான். 1999ல் அந்தப் பொருளாதார மத்திய நிலையம் வந்தபின் எங்கள் பக்கத்து இளைஞர் பலருக்கு அங்கே பிழைப்பு. அவன் கொண்டுவரும் போஞ்சியும் கோவாவும் அடுக்களையில் குவியும். மாதச் சம்பளம் வந்த சனிக்கிழமை என்றால் சாப்பாட்டுக்குப் பிறகு மருமகள் சம்பளச் சீட்டை விரித்து வாசிப்பாள். சேமலாப நிதிக்கு அவள் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி 12 வீதம், நம்பிக்கை நிதிக்கு இன்னொரு 3 வீதம். அந்த வரிகளைக் கேட்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கும். வாழ்க்கை முழுக்கத் தைத்த எனக்கு அப்படி ஒரு வரி இருந்ததில்லை. என் முதுமைக்கு இருப்பது பிள்ளைகளும் கொல்லையில் வீட்டுக்காரர் வளர்க்கும் மிளகுக் கொடியும்.

இந்தத் தொழிற்சாலைகள் கிராமத்துக்கு வந்த கதையும் எனக்குத் தெரியும். 1974ல் பணக்கார நாடுகள், எந்த நாட்டிலிருந்து எவ்வளவு உடுப்பு வாங்குவது என்று கோட்டா வைத்தன. கோட்டா நிரம்பிய நாடுகளின் முதலாளிகள் வேறு இடம் தேடினார்கள். 1977க்குப் பிறகு இலங்கை கதவைத் திறந்தது, 1978ல் கட்டுநாயக்கவில் வர்த்தக வலயம் வந்தது, 1992ல் கிராமங்களில் 200 ஆடைத் தொழிற்சாலை என்று திட்டம் போட்டார்கள். கோட்டா 2004 முடிவோடு போனது, தொழில் நின்றுபோகவில்லை. இன்று ஆண்டுக்கு 400 கோடி டொலருக்கு மேல் உடுப்பு ஏற்றுமதியாகிறது. இவ்வளவு பெரிய தொழிலின் மெஷின்களில் உட்கார்ந்திருப்போரில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களில் தாயானவர்கள் எல்லோருடைய வீட்டிலும் பிள்ளையை யாரோ பார்த்துக்கொள்கிறார்கள். மாமியோ அம்மாவோ, பள்ளியை விட்டு நின்ற தங்கையோ. அந்த வேலைக்குச் சம்பளச் சீட்டில் வரி இல்லை, ஏற்றுமதிக் கணக்கில் எண் இல்லை.

இதை மனத்தாங்கலாகச் சொல்லவில்லை. பேரப்பிள்ளையைப் பார்ப்பது எனக்குச் சுமை இல்லை. ஆனால் மாமியார் இல்லாத வீடுகள் இருக்கின்றன. படுத்த படுக்கையான மாமியார் உள்ள வீடுகள் இருக்கின்றன. நான் பிறந்த தோட்டத்தில் பிள்ளைக் காம்பரா இருந்தது. வெள்ளைக்காரத் துரைமார் அன்பினால் கட்டியதில்லை. தாய் கொழுந்தெடுக்கவும் பால்வெட்டவும் போக வேண்டும் என்பதால் கட்டினார்கள். ஆனாலும் அது இருந்தது. ஆயா ஒருத்தி தொட்டில்களை ஆட்டினாள், தாய்மார் நடுவில் வந்து பால் கொடுத்தார்கள். அந்த வசதியாவது தொழிற்சாலை பஸ் நிற்கும் ஒவ்வொரு ஊரிலும் வேண்டாமா? பிள்ளைக் காம்பரா கட்டி, அதில் வேலை செய்யும் பெண்களுக்கும் சேமலாப நிதியோடு சம்பளம் கொடுத்தால், இந்தத் தொழில் யாருடைய தோளில் நிற்கிறதோ அவர்களுக்கு அது கொடுக்க வேண்டியதைக் கொடுத்ததாகும்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வீட்டில். சில வாரம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கெடிகே வரை நடப்போம். பல்லவர் பாணிச் சாயலில் கட்டிய கல் கோயில், உள்ளே பௌத்தம். இரண்டு மரபும் ஒரே கல்லில் இருக்கிறது. 1970களில் போவத்தென்ன நீர்த்தேக்கம் வந்தபோது அது இருந்த இடம் தண்ணீருக்குள் போக வேண்டியிருந்தது. கல் கல்லாகப் பிரித்து, மேட்டில் கொண்டுபோய், 1980 அளவில் பழையபடி நிறுத்தினார்கள். ஒரு நல்ல சட்டையைத் தையல் பிரித்துக் கிழியாமல் திரும்பத் தைப்பது போன்ற வேலை அது. எந்தக் கல் எங்கே போகும் என்று முழுக் கட்டடத்தையும் தெரிந்தவர்களால்தான் அதைச் செய்ய முடிந்தது.

பின்னேரம் பெரியவள் மெஷின் உறையைக் கழற்றுவாள். தம்பிக்கு ஒரு சட்டை தைக்க வேண்டும் என்று அவளுக்கே ஆசை வந்திருக்கிறது. பக்கத்தில் அவள் அம்மாவும் உட்காருவாள். நான் தாளில் அளவு வெட்டிக் காட்டுவேன், தோள் இறக்கம் எப்படி வரும், கைக்குழி எவ்வளவு வளைய வேண்டும் என்று. கொலர் வரும் இடத்தில் மருமகள் கையில் எடுத்துக்கொள்வாள். “இத நான் சொல்லித் தாறேன் மாமி” என்பாள். மகளுக்கு முனை திருப்பும் விதத்தைச் சொல்லிக் கொடுப்பாள். அந்த இடத்தில் என்னைவிட அவள் பெரிய கைகாரி. கைக்குழி எப்படி வெட்டுவது என்பதை அவளும் மகளோடு சேர்ந்து எட்டிப் பார்ப்பாள். இரண்டு வேலையும் அந்தப் பிள்ளையின் கையில் சேர்கிறது.

“அப்பாயி, நானும் அம்மா மாதிரி ஃபெக்டரிக்குப் போகணுமா?” என்று பெரியவள் கேட்டாள். படிக்கச் சொன்னேன், எந்த வேலை கிடைத்தாலும் போகச் சொன்னேன். ஆனால் ஒரு சட்டைக்கு எவ்வளவு துணி, எவ்வளவு நூல், எத்தனை மணிநேரம், எத்தனை பேர் உழைப்பு என்று முதலில் தெரிந்துகொள்ளச் சொன்னேன். அந்தச் சட்டை தைக்கும்போது பிள்ளை யாரிடம் இருந்தது என்பதையும் அந்தக் கணக்கில் சேர்க்கச் சொன்னேன். முழுசையும் தெரிந்தவளிடம் துண்டு வேலைக்குக் குறைந்த கூலி பேசுவது கடினம். என் மருமகளின் தலைமுறைக்குச் சம்பளச் சீட்டு கிடைத்தது, அது பெரிய காரியம். என் பேத்தியின் தலைமுறை அந்தச் சீட்டில் இல்லாத வரிகளைக் கேட்டு வாங்க வேண்டும்.